அடிச்சவர் என்ன கலர்... அடி வாங்கினவங்க எங்கே?

ஸ்டார் பிளேயர் வீட்டுக்குள்ளே கை நீட்டினால், டி.வி.யில் மைக் பிடிக்கிறவங்க என்ன பேசுறாங்க? அமெரிக்க விளையாட்டு மீடியாவின் கதையை ஒரு ரீப்ளே போட்டுப் பார்ப்போமா?

1994 ஜூன் 17. வெள்ளிக்கிழமை ராத்திரி. நியூயார்க்கில் என்.பி.ஏ. கூடைப்பந்து ஃபைனல்ஸ், ஐந்தாவது மேட்ச். நிக்ஸும் ராக்கெட்ஸும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, என்.பி.சி. சேனலின் திரை திடீரென்று இரண்டாகிறது. ஒரு கட்டத்தில் மேட்ச். இன்னொரு கட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஹைவேயில் நிதானமாக ஊர்ந்து போகும் ஒரு வெள்ளை ஃபோர்டு பிரான்கோ கார். பின்னால் வரிசையாக போலீஸ் வண்டிகள், மேலே ஹெலிகாப்டர்கள். காரின் பின் ஸீட்டில் ஓ.ஜே. சிம்ப்ஸன்!

சிம்ப்ஸன் யாருன்னு கேட்கிறவங்களுக்கு... ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பாலின் சூப்பர் ஸ்டார். விளம்பரங்களில் சிரித்த முகம். ரிட்டையர் ஆனதும் டி.வி. வர்ணனையாளர். கறுப்பினத்தவர். அந்த ராத்திரிக்கு ஐந்து நாள் முன்புதான் அவருடைய முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன் சிம்ப்ஸனும், ரான் கோல்ட்மேன் என்ற இளைஞரும் குத்திக் கொல்லப்பட்டிருந்தார்கள். நிக்கோல் வெள்ளைக்காரர்.

அந்தக் கார் துரத்தலை சுமார் 9.5 கோடி பேர் டி.வி.யில் பார்த்ததாகக் கணக்கு. விளையாட்டு, நிறம், பெண் மீதான வன்முறை... மூன்றும் ஒரே திரைக்கு வந்த ராத்திரி அது. அன்றிலிருந்து முதல் இரண்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசி வருகிறார்கள். மூன்றாவது மட்டும் நைஸாக நழுவிக்கொண்டே இருக்கிறது. எப்படி நழுவுது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஐந்து வருஷம் தூங்கின மைக்

கொலைக்கு ஐந்து வருடம் முன்பு, 1989 புத்தாண்டு விடியற்காலை. நிக்கோல் 911-க்கு ஃபோன் செய்கிறார். போலீஸ் வந்தபோது முகத்தில் அடிபட்ட காயங்களோடு புதருக்குள்ளிருந்து ஓடி வருகிறார். ‘இதுக்கு முன்னாடி எட்டு தடவை வந்தீங்க, ஒண்ணுமே பண்ணலையே’ என்ற அர்த்தத்தில் அவர் கதறியதாக, வந்த போலீஸ்காரர் பின்னாளில் கோர்ட்டில் சாட்சி சொன்னார்.

சிம்ப்ஸன் அந்த வழக்கை எதிர்த்து வாதாடவில்லை. மனைவியைத் தாக்கியதற்காகத் தண்டனை கிடைத்தது. என்ன தண்டனை? ஜெயில் இல்லை. அபராதம், சமூக சேவை, கவுன்சலிங். அந்தக் கவுன்சலிங்கையும் ஃபோனிலேயே முடித்துக்கொள்ள அனுமதி!

இப்போ கவனிங்க. அதே 1989-ல்தான் என்.பி.சி. அவரை ஃபுட்பால் வர்ணனைக்கு வேலைக்கு எடுத்தது. ஹெர்ட்ஸ் கார் வாடகை கம்பெனியும் அவரைத் தூக்கவில்லை. நல்ல மனுஷர், ஜாலியான ஆளு என்ற இமேஜுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்போ அவர் கறுப்பர் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் மனைவியை அடித்தவர் என்பதும் ஞாபகம் வரவில்லை. ரேட்டிங்கும் விளம்பரமும் வந்துகொண்டிருந்தவரை எல்லாமே ‘அவங்க குடும்ப விஷயம்’. விளையாட்டு மீடியாவின் முதல் தப்பு மௌனம். ஊர் முழுக்கக் கத்தியதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரே போட்டோ, ரெண்டு கலர்

கைதானதும் போலீஸ் எடுத்த சிம்ப்ஸனின் போட்டோவை அமெரிக்காவின் இரண்டு பெரிய வார இதழ்களும் அட்டையில் போட்டன. ‘நியூஸ்வீக்’ அப்படியே போட்டது. ‘டைம்’ (1994 ஜூன் 27 இதழ்) ஓவியர் ஒருவரிடம் கொடுத்து வேலை பார்த்துப் போட்டது. முகம் கறுத்துப்போய், நிழல் கூடி, தாடி அடர்ந்து, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி ஓர் உருவம். கடைகளில் இரண்டு இதழும் பக்கத்துப் பக்கத்தில் தொங்க, குட்டு உடைந்தது!

‘கறுப்பா இருந்தாலே கிரிமினலா?’ என்று கறுப்பினப் பத்திரிகையாளர்களும் அமைப்புகளும் கொதித்தார்கள். இன ரீதியான உள்நோக்கம் எதுவும் இல்லை என்று ‘டைம்’ ஆசிரியர் அடுத்த இதழில் விளக்கம் எழுத வேண்டி வந்தது.

கொதித்ததில் நியாயம் இருந்தது. ரோட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் நடுரோட்டில் அடித்து நொறுக்கியது 1991-ல். அது வீடியோவில் பதிவாகியும், அடுத்த வருடம் அந்த போலீஸார் விடுதலை ஆக, ஊரே பற்றி எரிந்தது. சிம்ப்ஸன் வழக்கின் முக்கிய துப்பறியும் அதிகாரி மார்க் ஃபர்மன், கறுப்பர்களை இழிவாகப் பேசிய டேப்புகளும் விசாரணை நடக்கும்போதே வெளியே வந்தன. அப்புறம் யாருக்கு போலீஸ் மேல் நம்பிக்கை வரும்?

1995 அக்டோபர் 3. ‘குற்றவாளி இல்லை’ என்று தீர்ப்பு. டி.வி.யில் திரும்பவும் திரை இரண்டாகிறது. ஒரு பக்கம் சந்தோஷத்தில் குதிக்கும் கறுப்பின மாணவர்கள். மறு பக்கம் அதிர்ந்துபோன வெள்ளை முகங்கள். நாட்கணக்கில் அதே காட்சி, அதே விவாதம். குடும்ப வன்முறை பற்றிக் கோர்ட்டில் சொன்ன சாட்சியமெல்லாம் டைம் வேஸ்ட் என்கிற மாதிரி ஒரு ஜூரர் பேட்டி கொடுத்தார். ஒரு பெண் வருடக்கணக்காக அடி வாங்கிய கதை, கறுப்பா வெள்ளையா பட்டிமன்றமாகவே முடிந்துபோனது.

(1997-ல் சிவில் வழக்கில் அந்த மரணங்களுக்கு சிம்ப்ஸன்தான் பொறுப்பு என்று தீர்ப்பாகி, 3.35 கோடி டாலர் நஷ்டஈடு கட்டச் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் அவர் இறந்தபோதும், பேச்சு திரும்ப அந்த வெள்ளை கார் பக்கம்தான் ஓடியது!)

லிஃப்ட்டுக்குள் ஒரு கேமரா

இருபது வருடம் தள்ளி வருவோம். 2014 பிப்ரவரி 15, அட்லாண்டிக் சிட்டி. பால்டிமோர் ரேவன்ஸ் டீமின் ரே ரைஸ், தனக்கு நிச்சயம் ஆகியிருந்த ஜனே என்ற பெண்ணை கேஸினோ லிஃப்ட்டில் அடித்து மயங்க வைத்தார். இருவருமே கறுப்பினத்தவர். மயங்கிக் கிடந்தவரை லிஃப்ட்டிலிருந்து இழுத்து வெளியே போடும் வீடியோ நான்கே நாளில் வெளிவந்தது. உள்ளே என்ன நடந்தது என்ற வீடியோ வரவில்லை.

மே மாதம் ரேவன்ஸ் டீம் ஒரு பிரஸ் மீட் வைத்தது. கல்யாணம் முடிந்திருந்த நிலையில், கணவன் பக்கத்தில் மனைவி. ‘அந்த ராத்திரி என் பங்குக்கு நடந்ததற்கு ஆழமாக வருந்துகிறேன்’ என்று ஜனே சொன்னதை டீம் தன் ட்விட்டர் கணக்கில் பெருமையாகப் போட்டது. அடி வாங்கினவங்க ஸாரி சொல்றாங்க! ஜூனில் என்.எஃப்.எல். கமிஷனர் ராஜர் கூடல் ஜனேயிடம் விசாரித்தபோதும், அடித்தவர் அதே ரூமில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 24. ரைஸுக்கு என்.எஃப்.எல். கொடுத்த தண்டனை... ரெண்டே ரெண்டு மேட்ச்!

மறுநாள் இ.எஸ்.பி.என். சேனலின் ‘ஃபர்ஸ்ட் டேக்’ நிகழ்ச்சி. கறுப்பின வர்ணனையாளர்களில் மிகப் பிரபலமான ஸ்டீஃபன் ஏ. ஸ்மித் பேசுகிறார். ஆண் கை நீட்டவே கூடாது என்று ஆரம்பித்தவர், பெண்களும் அப்படி ஒரு சூழ்நிலையைத் தூண்டிவிடாமல் பார்த்துக்கணும் என்கிற மாதிரி முடித்தார். அதே சேனலில் வேலை பார்த்த மிஷெல் பீடில் ட்விட்டரில் கடுமையாகப் பொங்கினார். ஸ்மித் மன்னிப்பு கேட்டார். சேனல் அவரை ஒரு வாரம் உட்கார வைத்தது.

செப்டம்பர் 8. லிஃப்ட்டுக்குள் நடந்த வீடியோவும் வெளிவந்தது. ஒரே நாளில் எல்லாம் தலைகீழ்! டீம் ரைஸைத் தூக்கியது. என்.எஃப்.எல். காலவரையற்ற சஸ்பென்ஷன் கொடுத்தது. (நவம்பரில் நடுவர் அதை ரத்து செய்தார். ஆனாலும் எந்த டீமும் அவரை எடுக்கவில்லை.) சேனல்கள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டின. அவள் விழும் காட்சியை ஊரே எத்தனை தடவை பார்த்தது என்று யாராவது எண்ணினார்களா? வாழ்க்கையில் மறக்க நினைக்கும் ஒரு நிமிஷத்தை தினமும் எங்களை வாழ வைக்கிறீர்களே என்ற அர்த்தத்தில் மறுநாளே இன்ஸ்டாகிராமில் ஜனே எழுதினார். அதையும் ஒரு நியூஸாக்கிவிட்டு, வீடியோவைத் தொடர்ந்து ஓட்டினார்கள்.

அந்த வாரத்திலேயே இன்னொரு கூத்து. ரேவன்ஸ் மேட்ச்சுக்கு முன்னால் போட சி.பி.எஸ். சேனல் ரிஹானாவின் பாட்டை வைத்திருந்தது. ரிஹானா 2009-ல் காதலன் க்ரிஸ் பிரவுனிடம் அடி வாங்கியவர். இந்த நேரத்தில் அவர் பாட்டு வேண்டாம் என்று சேனல் எடுத்துவிட்டது. அடுத்த வாரம் திரும்பப் போடப் பார்த்தபோது, ‘இதுக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்கணும்?’ என்ற தொனியில் ரிஹானா ட்விட்டரில் வெடிக்க, பாட்டே நிரந்தரமாகப் போனது. அடித்தது யாரோ. ஸ்க்ரீனை விட்டுப் போனது அடி வாங்கிய ஒரு கறுப்பினப் பெண்!

நியாயமாகச் சொல்லணும்னா, அந்த ராத்திரி ஒரு நல்லதும் நடந்தது. அதே சி.பி.எஸ். மேட்ச்சுக்கு முன்னால் கறுப்பினத் தொகுப்பாளர் ஜேம்ஸ் பிரவுன், கேமராவைப் பார்த்து ஆண்களிடம் பேசினார். ‘பொம்பளை மாதிரி எறியறியே’ என்று சின்ன வயதில் கிண்டல் செய்வதிலிருந்தே இது ஆரம்பிக்கிறது, இது ஆண்கள் சரிசெய்ய வேண்டிய விஷயம் என்றார். எந்த நிறத்து ஆண் என்று அவர் பிரிக்கவே இல்லை. அதுதான் விஷயம்!

அதே வாரம்... இன்னொரு மேடை

ரைஸுக்கு ரெண்டு மேட்ச் தண்டனை ஜூலை 24. ஸ்மித் வாய்விட்டது ஜூலை 25. ஜூலை 27-ல் என்ன நடந்தது தெரியுமா? கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் விழா. அட்லாண்டா பிரேவ்ஸ் டீமின் முன்னாள் மேனேஜர் பாபி காக்ஸுக்கு மாலை மரியாதை. 2504 வெற்றிகள் கண்ட ஜாம்பவான். வெள்ளைக்காரர்.

1995 மே மாதம், அதாவது சிம்ப்ஸன் வழக்கு டி.வி.யில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்த அதே சமயத்தில், மனைவி போலீஸை அழைத்ததால் கைதானவர் இந்த காக்ஸ். அடி எதுவும் விழவில்லை என்று தம்பதி இருவரும் மறுத்தார்கள். வழக்கும் பின்னால் கைவிடப்பட்டது. அந்த அக்டோபரில் அவர் டீம் சாம்பியன் ஆனது. அவருடைய கைதை வைத்து ‘வெள்ளைக்கார ஆண்களுக்கு என்ன ஆச்சு?’ என்று யாரும் விவாத மேடை போடவில்லை. 2014 விழாவிலும் அது பேச்சாகவில்லை.

விசித்திரம் என்னன்னா, அதே மேடையில் அதே நாள் கௌரவிக்கப்பட்ட இன்னொருவர் ஜோ டோரி. அம்மாவை அப்பா அடிப்பதைப் பார்த்து நடுங்கியே வளர்ந்தவர். அப்பா நியூயார்க் போலீஸ் டிடெக்டிவ்! வீட்டு வன்முறையில் வளரும் பிள்ளைகளுக்காக 2002-ல் மனைவியோடு சேர்ந்து ஒரு அமைப்பே ஆரம்பித்தவர். அவரும் வெள்ளைக்காரர். பேசணும்னு நினைச்சா பேச எவ்வளவோ இருந்த மேடை அது.

இன்னொரு சாம்பிள். 2006 ஜூன். ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் பிட்சர் பிரெட் மையர்ஸ், வெள்ளைக்காரர். பாஸ்டன் தெருவில் மனைவியைத் தாக்கியதாகக் கைது. மறுநாளே அதே பாஸ்டனில் மைதானத்தில் இறக்கிவிட்டார்கள், டீமுக்கு நல்லது என்று காரணம் சொல்லி! ரசிகர்கள்தான் ‘பூ’ என்று கூச்சல் போட்டார்கள். வழக்கு வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட, சில மாதங்களில் அது தள்ளுபடி ஆனது.

அப்புறம் ஜோஷ் பிரவுன். நியூயார்க் ஜயன்ட்ஸ் டீமின் கிக்கர், இவரும் வெள்ளைக்காரர். 2015 மே மாதம் மனைவியைத் தாக்கியதாகக் கைதாகி, வழக்குப் பதிவாகாமல் போனது. ரைஸ் விவகாரத்துக்கு அப்புறம் என்.எஃப்.எல். போட்ட புது விதிப்படி முதல் தப்புக்கே ஆறு மேட்ச். இவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு மேட்ச்! 2016 அக்டோபரில் போலீஸ் ஆவணங்கள் வெளியாகி, மனைவியைக் கொடுமை செய்ததை அவரே எழுதி ஒப்புக்கொண்டது தெரிந்த பிறகுதான் டீம் கழற்றிவிட்டது. பழைய கொடுமைகளை அவர் எங்களிடம் சொல்லியிருந்தார் என்று டீம் ஓனரே ரேடியோவில் சொன்னார். தெரிந்தேதான் வைத்திருந்தார்கள்!

அப்போ எல்லாமே கலர்தானா?

இல்லை பாஸ். அப்படிச் சொன்னால் அதுவும் பொய். ரைஸ் கேஸில் வீடியோ இருந்தது. பிரவுன் கேஸில் இல்லை. க்ரெக் ஹார்டி என்ற கறுப்பின வீரரைப் பாருங்க. 2014-ல் காதலியைத் தாக்கியதாக நீதிபதி குற்றவாளி என்றார். அப்பீலின்போது அந்தப் பெண் வராததால் வழக்கு விழுந்தது. 2015-ல் டல்லஸ் கவ்பாய்ஸ் அவரைக் கையோடு தூக்கிக்கொண்டது. ஓனர் அவரை ‘லீடர்’ என்றுகூடப் புகழ்ந்தார். நன்றாக ஆடுகிற கைக்கு எந்த நிறத்திலும் மன்னிப்பு கிடைக்கும். திறமைதான் பெரிய வக்கீல்!

ஆனால் பேச்சில் ஒரு பழக்கம் தெரிகிறது. வெள்ளைக்கார வீரர் அடித்தால் அது ‘அவருடைய’ பிரச்னை. குடி, கோபம், மன அழுத்தம், கெட்ட நேரம். கறுப்பின வீரர் அடித்தால் அது ‘அவர்களுடைய’ பிரச்னை. வளர்ப்பு, தெரு, கலாசாரம். ஒருவருக்குத் தனி மனிதர் என்ற சலுகை. இன்னொருவர் முதுகில் மொத்த இனத்தின் சுமை.

மைக் யார் கையில் என்பதும் முக்கியம். 2014 கணக்குப்படி என்.எஃப்.எல். வீரர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். பத்திரிகைகளின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். விளையாடுவது ஒருவர், கதை சொல்வது இன்னொருவர்!

‘ஃபுட்பால் பசங்கன்னாலே ரௌடிங்க’ என்ற பேச்சும் கணக்குக்கு நிற்கவில்லை. 2014-ல் ‘ஃபைவ்தர்ட்டிஎய்ட்’ செய்த அலசலில், அதே வயது அமெரிக்க ஆண்களைவிட என்.எஃப்.எல். வீரர்கள் கைதாவது ரொம்பக் குறைவு என்று தெரிந்தது. ஆனால் அவர்கள் கைதாகும் கேஸ்களுக்குள் குடும்ப வன்முறையின் பங்கு மட்டும் தூக்கலாக இருந்தது. அதாவது ‘ரௌடி’ என்ற முத்திரை தப்பு. ‘வீட்டுக்குள் பிரச்னை இல்லை’ என்பதும் தப்பு. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல டி.வி.க்கு நேரம் இல்லை.

ஒரே நாள், ரெண்டு சேனல், ரெண்டு பேர்

2014 செப்டம்பர் 14, ஞாயிறு. மினசோட்டா வைக்கிங்ஸின் ஏட்ரியன் பீட்டர்ஸன், நான்கு வயது மகனைக் குச்சியால் விளாசியதாக வழக்கு வந்து ரெண்டு நாள். சி.பி.எஸ். நிகழ்ச்சியில் முன்னாள் கூடைப்பந்து வீரர் சார்ல்ஸ் பார்க்லி, ‘தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெற்றோர் எல்லோருமே இப்படித்தான் அடிப்பார்கள். அப்போ எல்லோரையும் ஜெயிலில் போடணும்’ என்கிற மாதிரி சொன்னார்.

அதே காலை இ.எஸ்.பி.என்.-ல் முன்னாள் ஃபுட்பால் வீரர் கிரிஸ் கார்ட்டர். அவரும் கறுப்பினத்தவர். குரல் உடைகிறது. என் அம்மா தனி ஆளாக ஏழு பிள்ளைகளை வளர்த்தவர், தன்னால் முடிந்ததை எல்லாம் செய்தார், ஆனால் அடித்த விஷயத்தில் அம்மா செய்தது தப்பு, அதை என் பிள்ளைகளுக்கு நான் கடத்த மாட்டேன் என்றார்.

வெளியாள் நம்மைக் குத்தம் சொல்லும்போது, உள்ளே இருக்கும் தப்பையும் சேர்த்துக் காப்பாற்றத் தோன்றும். பார்க்லிக்குத் தோன்றியது அதுதான். அம்மாவையும் விட்டுக்கொடுக்காமல், அடியையும் நியாயப்படுத்தாமல் பேச முடியும் என்று கார்ட்டர் காட்டினார். அந்த வருடத்தின் ஆகச் சிறந்த கமென்ட்ரி அதுதான் என்பேன். அதில் ஸ்கோர் ஒன்றுகூட இல்லை!

மூடி வச்சாலும் தப்பு

இந்தச் சிக்கலை சிம்ப்ஸன் வழக்குக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவர் ஒரு சட்டப் பேராசிரியை, கிம்பர்லே கிரென்ஷா. கறுப்பினப் பெண். 1991-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் ஒரு அனுபவம் சொல்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் எந்தெந்த ஏரியாவில் எத்தனை குடும்ப வன்முறைப் புகார் என்ற கணக்கைக் கேட்டாராம். போலீஸ் தரவில்லை. அந்தக் கணக்கை வைத்து இது சிறுபான்மை இனத்தவரின் பிரச்னை மட்டும்தான் என்று சொல்லிவிடுவார்கள் என்று போலீஸ் துறைக்கு உள்ளே இருந்த ஆர்வலர்களுக்கும் பயம், வெளியே இருந்தவர்களுக்கும் பயம்.

பயத்தில் நியாயம் இருக்கு. ஆனால் அந்தக் கணக்கு மூடிய ஃபைலுக்குள் கிடந்தால் நஷ்டம் யாருக்கு? அடி வாங்கும் கறுப்பினப் பெண்ணுக்கு! 2010-ல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் (சி.டி.சி.) எடுத்த சர்வேயில், வாழ்நாளில் துணையின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்ன கறுப்பினப் பெண்கள் 43.7 சதவிகிதம். வெள்ளைக்காரப் பெண்கள் 34.6 சதவிகிதம். முதல் எண் மோசம். ரெண்டாவது எண்ணும் மூன்றில் ஒருவர்! ‘அது அவங்க பிரச்னை’ என்று தள்ளிவிட முடியாது. ‘எங்க ஆளுங்களை இழிவுபடுத்தாதீங்க’ என்று மூடவும் முடியாது.

நிறத்தை வைத்து ஒருவரைக் கூடுதலாகக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். அதற்கான தீர்வு அவரைக் கொஞ்சம் விட்டுப் பிடிப்பது இல்லை. இன்னொருவரையும் அதே கேள்வி கேட்பதுதான். காக்ஸுக்கு ஒரு கேள்வி, ரைஸுக்கு ஒரு கேள்வி என்று இருக்கக் கூடாது. ரெண்டு பேர் வீட்டிலும் போலீஸுக்கு ஃபோன் போனால், முதல் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பெண் இப்போ பத்திரமா இருக்காங்களா?

மைக் பிடிக்கப் போறீங்களா?

விஸ்காம், ஜர்னலிஸம் பசங்களுக்கு மட்டும் இல்லை. மேட்ச் பார்த்துக்கிட்டே ஸ்டேட்டஸ் போடுற எல்லாருக்கும்...

* பேரை மாற்றிப் படிச்சுப் பாருங்க. எழுதியதில் கறுப்பின வீரர் பெயருக்குப் பதில் வெள்ளைக்காரர் பெயரைப் போடுங்க. வாக்கியம் இடிக்குதா? அப்போ வாக்கியத்தில்தான் கோளாறு.

* ‘குடும்பத் தகராறு’ என்று எழுதாதீங்க. தகராறு ரெண்டு பேர் போடுவது. அடி ஒருவர் கொடுப்பது. கைது மட்டும் ஆகியிருந்தால் ‘தாக்கியதாகப் புகார்’னு எழுதுங்க. அதுவும் நியாயம்.

* ‘அவள் என்ன பண்ணினாளோ?’ என்ற கேள்வி மனசில் வந்தால், மனசிலேயே இருக்கட்டும். ‘அவள் ஏன் விட்டுட்டுப் போகலை?’ என்பதும் அதே கேள்விதான், டிரெஸ் மட்டும் வேற.

* அவர் இல்லாவிட்டால் டீமுக்கு என்ன ஆகும் என்பது மூணாவது பாராவுக்கு அப்புறம் வரட்டும்.

* வீடியோ இருந்தால்தான் நம்புவேன் என்று அடம் பிடிக்காதீங்க. நிக்கோலுக்கு வீடியோ இல்லை. 911-க்குச் செய்த ஃபோன்தான் இருந்தது. அதைக் கேட்கவே அவர் சாக வேண்டியிருந்தது.